ஷியோமி சானின் முதுகு

ஷியோமி சான் ஒருமுறை மரத்திலிருந்து விழுந்த கஷ்கொட்டைக்கே "ஹிட்" சொல்லிவிட்டு வெளியே நடந்தவர். கொட்டை அவர் தலைக்கவசத்தில் டொக்கென்று விழுந்தது. உடனே கையைத் தூக்கிவிட்டார். பக்கத்துப் புதரில் பதுங்கியிருந்த நான், "ஷியோமி சான், அது கொட்டை. யாரும் சுடல," என்று கிசுகிசுத்தேன். "எனக்கு என்னமோ பட்டுச்சு உசாமி சான். பட்டா போயிடணும்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் போன அக்டோபரில், நாற்பது பேர் முன்னால், நான் ஜோம்பி என்று கூப்பிட்டேன். கண்ணுக்கும் முகத்துக்கும் கவசம் போடுகிறோம். என் வாய்க்கும் ஒரு பூட்டு போட்டிருக்க வேண்டும்.

ஜோம்பி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் எங்கள் இன்சாய் ஊருக்கு வெளியே, மூங்கிலும் கஷ்கொட்டையும் மண்டிக் கிடக்கும் முஜினா காட்டில் ஞாயிறுதோறும் இரண்டு அணியாகப் பிரிந்து பேட்டரி மோட்டாரில் காற்றடிக்கும் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு விளையாடுகிறோம். மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டுதான். பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது, மணி அடிக்காது. பட்டவர் தானாகக் கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். ஆட்டம் முழுக்க அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நடக்கிறது. பட்டும் சொல்லாமல் திரிகிறவன்தான் ஜோம்பி. எங்களிடையே அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. சந்தேகம் இருந்தால்கூட நடுவரிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும், ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூடாது. காட்டின் சொந்தக்காரரும் நடுவருமான வகாசா சான் ஒவ்வொரு காலையும் வரிசையில் நிற்கவைத்து இதைச் சொல்லுவார். பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷியோமி சானுக்கு அறுபத்து மூன்று வயது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. முப்பத்தெட்டு வருடமாக, நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருக்கிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்கிறார். அதனாலோ என்னவோ அவர் குரலுக்கே ஒரு நிதானம் உண்டு. அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் ஊற்றுக்குப் போய்விடுவார். "ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்காம ஒரு நாள் இருக்கிறதாலதான் குடும்பம் ஓடுது," என்று இருவருமே சொல்லிச் சிரிப்பார்கள்.

காட்டில் யார் துப்பாக்கி நின்றுபோனாலும் அவர் மேசைக்குத்தான் வரும். வந்ததும் திருப்புளியை எடுக்க மாட்டார். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" என்று கேட்பார். அடுத்து, "அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" என்பார். "நான் ஒண்ணுமே பண்ணல," என்பார்கள் எல்லாரும். அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே, பேட்டரியை மழையில் வைத்ததையோ, தம்பிப் பயல் கையில் கொடுத்ததையோ கக்கிவிடுவார்கள். பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படி ஊர்த் துப்பாக்கிகளைப் பார்த்துக் கொடுப்பதில் காலை முழுக்கப் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம்தான் அவருக்குக் கிடைக்கும். அதில் அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, மூங்கிலுக்கு மூங்கில் தாவி, ஒளிந்த இடத்தில் தானே சிரித்து மாட்டிக்கொள்வார். அவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அந்தச் சிரிப்பே போதும்.

அன்றைக்கு மூன்றாவது ஆட்டம், எண்ணிக்கை ஆட்டம். ஆளுக்கு முப்பது குண்டுதான். முப்பது குழி போட்ட ஒரு சின்னப் பலகை இருக்கும். குண்டைக் கொட்டி, குழி நிரம்பியதும் மீதியைத் தட்டிவிட்டு, அந்த முப்பதை மேகசினில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மிச்சக் குண்டை அதே பலகையில் கொட்டிப் பார்ப்போம். குறைவாகச் செலவழித்தவருக்கு எல்லோரும் கைதட்டுவோம்.

எனக்கு அன்று காலையிலிருந்தே கடுப்பு. முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒரு குண்டுகூடச் சுடுவதற்குள் அடிபட்டு வெளியே வந்திருந்தேன். இரண்டாவது தடவை என்னை அடித்தது நெமோட்டோ என்கிற பையன். நூடுல்ஸ் ஆலையிலிருந்து பன்னிரண்டு பேரோடு வந்தவன், வாழ்க்கையிலேயே அன்றுதான் முதல் தடவை துப்பாக்கி பிடிக்கிறான். அடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்கக்கா," என்று குனிந்து வேறு கும்பிட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் நான் வாய்க்கால் மேட்டில் படுத்துக்கொண்டேன். இருபதடி கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஷியோமி சான் குந்தியிருந்தார். அடையாளத்தில் தப்பே இல்லை. வெள்ளிக்கிழமைதான் என் கடையில் முடி வெட்டிக்கொண்டு போயிருந்தார். நான் முடி வெட்டிய பிடரி எனக்குத் தெரியாதா? நரைத்த முடி, இரண்டாம் நம்பர் மெஷின், ஓரம் சுத்தமாக இருந்தது. முதுகின் நடுவில் குறி வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். மோட்டார் உறுமியது, துப்பாக்கி டப் டப் என்றது. பன்னிரண்டு முறை. மனிதர் அசையவில்லை. சாவகாசமாக முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

எழுந்து நின்று கத்தினேன். "பன்னெண்டு குண்டு வாங்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல? ஜோம்பி."

வகாசா சானின் விசில் பாதியில் நின்றது. ஷியோமி சான் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நானும் இன்னும் நாலு சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, "ஹிட்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

ஆட்டம் முடிந்து நான் காட்டைவிட்டு வந்தபோது, எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"உசாமி சான், பன்னெண்டும் பட்டுச்சா?"

"இருபதடி ஷியோமி சான். கண்ண மூடிக்கிட்டு சுட்டாலும் பாதியாவது பட்டிருக்கும்."

"எனக்கு ஒண்ணுமே தெரியல." அவர் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் கால் மரத்துப் போச்சு. வெந்நி கொட்டினாக்கூடத் தெரியாது. எனக்கு முதுகுல ஆரம்பிச்சிருக்கோ என்னமோ."

அவர் சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"ஒரு உதவி பண்ணுங்க," என்றார். "அதே துப்பாக்கி, அதே தூரம். நான் திரும்பி நிக்கிறேன். நீங்க சுடுங்க. பட்டது தெரியுதான்னு பாத்துடுவோம். தெரியலன்னா நான் இனிமே காட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. பட்டது தெரியாதவன் விளையாடினா அது மத்தவங்களுக்குப் பண்ற அநியாயம்."

வகாசா சான் வேண்டாம் என்றார். ஷியோமி சான் விடவில்லை. கடைசியில் எல்லாரையும் பாதுகாப்புக் கண்ணாடி போடவைத்து, காட்டின் ஓரத்தில் அவரை நிறுத்தினார்கள். நூடுல்ஸ் ஆலைக்காரர்கள் மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஷியோமி சான் முகமூடியை இறுக்கி, கைகளை இடுப்பில் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் சுட்டேன். டப்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

டப். டப்.

"உசாமி சான், சும்மா சுடுங்க, பாவம் பாக்காதீங்க."

இன்னும் மூன்று. மொத்தம் ஆறு. அவர் அப்படியே நின்றார். இது நடிப்பு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"ஆறு சுட்டாச்சு," என்றார் வகாசா சான் தாழ்ந்த குரலில்.

"நான் பாத்தேன்," என்றான் நெமோட்டோ. "கடைசிக் குண்டு இடது தோள்ல பட்டுத் தெறிச்சுது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவன் கூட்டாளிகள் இருவர் ஆமாம் என்றார்கள். ஒருத்தன் அது வலது தோள் என்று திருத்தினான்.

ஷியோமி சான் திரும்பினார். முகமூடியைக் கழற்றினார். அழவில்லை, ஒன்றும் இல்லை. "சரி. தெரிஞ்சுக்கிட்டது நல்லதாப் போச்சு," என்று சொல்லி எல்லோருக்கும் ஒருமுறை குனிந்து வணங்கினார். பிறகு தன் மேசைக்குப் போய் கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் வைத்தார். முழங்கால் பட்டைகளை அவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நெமோட்டோவைக் கூப்பிட்டு, "உனக்கு இது சரியா இருக்கும். நல்ல பட்டை. நான் இனிமே மேசை வேலை மட்டும்தான்," என்று நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மத்தியானக் கறிச்சோற்று மணம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் தட்டு எடுக்க நகர்ந்தார்கள். நான் மட்டும் எண்ணிக்கை மேசைக்குப் போனேன். என்னதான் ஆனாலும் மிச்சக் குண்டைக் கொட்டிவிட்டுத்தான் துப்பாக்கியை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஆட்டத்தில் பன்னிரண்டு, பரிசோதனையில் ஆறு. பன்னிரண்டு மீதி இருக்கும் என்ற கணக்கோடு மேகசினைக் கழற்றி, பலகைமேல் கவிழ்த்து, பொறியை அழுத்தினேன். குண்டுகள் பொலபொலவென்று கொட்டின. உருண்டு ஒவ்வொரு குழியாக உட்கார்ந்தன. முதல் வரிசை நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. ஐந்து வரிசையும் நிரம்பிவிட்டது. ஒரு குழிகூடக் காலியாக இல்லை.

முப்பது. ஒரு குண்டுகூட என் துப்பாக்கியைவிட்டுப் போகவில்லை. மோட்டார் சுற்றியிருக்கிறது, காற்று அடித்திருக்கிறது, சத்தம் வந்திருக்கிறது. குண்டு மட்டும் இல்லை. நான் பதினெட்டு முறை வெறும் காற்றைச் சுட்டு, ஒரு யோக்கியனை உணர்ச்சி செத்த ஆள் என்று நம்பவைத்திருக்கிறேன். அவரும் நம்பிக்கொண்டு பட்டையைத் தானம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் யாருமே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பலகையைத் தூக்கி பொதுக் குண்டு டப்பாவின் வாய் வரைக்கும் கொண்டுபோனேன். சாய்த்தால் முப்பதும் ஆயிரத்தோடு ஆயிரமாகக் கலந்துவிடும். சாயங்காலம் தனியாகப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஜோம்பி என்று நான் தனியாகவா சொன்னேன்? பட்டும் சொல்லாமல் இருக்கிறவளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை ஒரு மணி நேரம் முன்னால் நான்தான் இந்தக் காட்டில் ஷியோமி சானுக்கு வைத்தேன்.

பலகையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு சோற்று வரிசைக்கு நேராகப் போனேன். இன்னொரு கையைத் தூக்கினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஹிட்!"

நாற்பது பேரும் திரும்பினார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். வகாசா சான் கறிக்கரண்டியோடு ஓடிவந்தார். "யாரு சுட்டது? இங்க யாரு சுட்டது?"

"யாரும் சுடல. நானும் சுடல, அதான் விஷயம்," என்றேன். பலகையைச் சோற்று மேசைமேல் வைத்தேன். "எண்ணிப் பாருங்க. முப்பது. என் துப்பாக்கி ஒண்ணக்கூடத் துப்பல. ஷியோமி சானுக்கு எதுவுமே படல. அவர் முதுகு நல்லா இருக்கு. என் வாய்தான் நாறிப்போச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன், ஷியோமி சான், என்ன மன்னிச்சிடுங்க."

இடுப்பு வளைய வணங்கினேன். நிமிரப் பயமாக இருந்தது. வகாசா சான் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. யாரோ நெமோட்டோவிடம், "ரெண்டு கண்ணால பாத்தியா நீ?" என்று கேட்டார்கள்.

"தெறிச்ச மாதிரி இருந்துச்சு," என்றான் அவன். அதற்குள்ளேயே பட்டையைத் திருப்பி நீட்டிவிட்டான், பாவம்.

ஷியோமி சான் என் வணக்கத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தார். அவர் முகம் மாறிய மாற்றத்தை நான் எப்படிச் சொல்வேன்.

"மோட்டார் சுத்துது. காத்தும் வருது. குண்டு மட்டும் போகல," என்றார். "சத்தம் லேசா இருந்துச்சு உசாமி சான். கேட்டேன். சரி, காதும் போச்சு போலன்னு நெனச்சுட்டேன். இங்க கொண்டாங்க, கொண்டாங்க. சோறு அப்புறம் தின்னலாம்."

எல்லோரும் தட்டோடு அவர் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். திருப்புளியைத் தொடவில்லை.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"இன்னிக்கு காலையில. ஆட்டத்துக்கு முன்னாடி குண்டு வேகம் அளந்து பாக்குறப்ப அஞ்சு குண்டு ஒழுங்காத்தான் போச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணல."

அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார். நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழம கடை சாத்தினதும் கொஞ்சம் கிரீஸ் போட்டேன்," என்றேன்.

"கொஞ்சமா?"

"நல்லாவே போட்டேன்."

"எங்க வச்சுப் போட்டீங்க?"

"கடையிலதான். முடி வெட்டுற நாற்காலிக்கு முன்னாடி இருக்கே, அந்த மேசையில."

"ம்," என்றார். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, மேகசின் மாட்டுகிற ஓட்டைக்குள் சின்ன விளக்கை அடித்தார். அங்கிருந்து குண்டு மேலே ஏறிக் குழலுக்குப் போக ஒரு குறுகிய கழுத்து உண்டு, சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. இடுக்கியை உள்ளே விட்டு எதையோ பிடித்துப் பதமாக இழுத்தார். கறுப்பான, வழவழவென்ற ஒரு உருண்டை வெளியே வந்தது. காகிதத்தில் வைத்துத் துடைத்தார். கிரீஸ் போனதும் உள்ளே இருந்தது தெரிந்தது. குட்டை குட்டையாக முடி. எல்லாம் நரை.

"முடி அடைச்சிருக்கு," என்றார். "மேசையில கெடந்தது கிரீஸோட உள்ள போயிருக்கு. மொத அஞ்சு குண்டு இதைக் கழுத்து வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்திருக்கு. ஆறாவது ஏற முடியல."

நான் அந்த முடியைப் பார்த்தேன். முப்பது வருடம் முடி வெட்டுகிறவளுக்கு ஒரு பார்வை போதும். இரண்டாம் நம்பர் மெஷின். வெள்ளிக்கிழமை கடைசி ஆள்.

"ஷியோமி சான்," என்றேன், "இது உங்க முடி."

அவர் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இடுக்கியைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒளிந்த இடத்தில் அவரைக் காட்டிக்கொடுக்கிற அதே சிரிப்பு. நின்றபடியே மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என் முடியே எனக்குக் காவலுக்கு நின்னிருக்கு," என்று திக்கித் திக்கிச் சொன்னார். வகாசா சான் சிரிப்பில் கறிக்கரண்டியைத் தன் சட்டையிலேயே சாய்த்துக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"வெட்டின முடியப் பெருக்காம ஏன் விட்டீங்க?" என்றார் வகாசா சான்.

"கையில துப்பாக்கி இருந்தா எனக்குத் துடைப்பம் ஞாபகம் வராது," என்றேன்.

ஷியோமி சான் கழுத்தைத் துடைத்து, பேட்டரியை மாட்டி, என் முப்பது குண்டை எண்ணி ஏற்றினார். பிறகு முகம் கொஞ்சம் சுருங்கியது.

"ஆனா ஒண்ணு உசாமி சான். குண்டு படலன்னு தெரிஞ்சுபோச்சு. பட்டாத் தெரியும்னு இன்னும் தெரியல."

"சோறு ஆறுது ஷியோமி சான்."

"ஒரே ஒரு குண்டு."

வேறு வழியில்லை. தட்டுகளை மூடி வைத்துவிட்டு மறுபடியும் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு காட்டோரம் போனோம். அவர் அதே இடத்தில், அதே மாதிரி கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவர் தோள்கள் இறுகியிருந்தன. அவருக்கு உண்மையாகவே பயம். பதினோரு வருடத்தில் ஒரு குண்டு போய்ச் சேர வேண்டும் என்று நான் இவ்வளவு வேண்டிக்கொண்டதே இல்லை. முதுகின் நடுவில் குறி வைத்து, மெதுவாக அழுத்தினேன்.

டப்.

"ஹிட்!" என்று கத்தினார் ஷியோமி சான். காட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு முழம் எகிறிக் குதித்து, கையைத் தூக்கியபடியே திரும்பி, நெமோட்டோவின் கையிலிருந்து தன் முழங்கால் பட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"வலிக்குது உசாமி சான்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "சுள்ளுன்னு வலிக்குது. ரொம்ப நல்லா வலிக்குது."